இல்லாத பிரஷருக்கு மாத்திரை

தேயிலை விலை படுத்துக்கொண்ட அந்த வருஷங்களில் குன்னூரில் பிரஷர் இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். பேக்டரி முதலாளிக்கு ஏலத்தில் தூள் போகவில்லை என்று பிரஷர். தோட்டக்காரருக்குப் பச்சை இலை விற்ற காசு பறித்த கூலிக்கே பற்றவில்லை என்று பிரஷர். இவர்கள் இரண்டு பேருமே கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று கடைக்காரருக்குப் பிரஷர். இத்தனை பேருக்கு நடுவில் பிரஷர் என்பதே சுத்தமாக இல்லாதவன் நான் ஒருவன். வேளை தவறாமல் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டவனும் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தலை சுற்றும் அன்றைக்கு மட்டும் ஒன்றை முழுங்கிவிட்டு, மறுநாள் மறந்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது ஒரு தேயிலைத் தரகு ஆபீஸில் டீ டேஸ்டர் வேலை. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள், நாள் முழுக்க டீ குடிக்கிறதுக்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். குடிப்பதற்கு இல்லை, துப்புவதற்கு என்று சொல்வேன். உண்மையும் அதுதான். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பேக்டரியின் தூளையும் முன்கூட்டியே வடித்து, நீளமான மேஜையில் கிண்ணம் கிண்ணமாக வைத்திருப்பார்கள். ஸ்பூனில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கூடவே சக்கரத்தில் நகர்ந்து வரும் தொட்டியில் துப்பிவிட்டு, இது இன்ன விலைக்குப் போகும் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அடுத்த கிண்ணம்.

எங்கள் ஆபீஸில் டேஸ்டர்கள் இரண்டு பேர். நானும், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும் சீனியரும். உண்மையில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது திட்டு வாங்குவதை மட்டும்தான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், ஆறடி ஆள். தூள் சரியில்லை என்றால் அந்த முதலாளி காதுபடவே "இது தேயிலைங்களா, மாட்டுக்குப் போடற வைக்கோலுங்களா?" என்று கேட்பார். கேட்கும்போது காது மடல்வரை ரத்தம் ஏறிச் சிவந்துவிடும். அதை ஆரோக்கியம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மலைக்குளிரில் முகம் சிவந்திருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்பது குன்னூர்க் கணக்கு.

விலை விழ விழ, ஒரு ஆபீஸுக்கு எதற்கு இரண்டு நாக்கு என்ற பேச்சு கிளம்பியது. நல்ல தூளும் மட்டத் தூளும் ஏறக்குறைய ஒரே விலைக்குப் போகிற காலத்தில் ருசி பார்த்துத்தான் என்ன ஆகப்போகிறது? இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். யார் என்பது மட்டும் முடிவாகவில்லை. சீனியருக்கு இரண்டு பெண்கள் காலேஜில். எனக்குக் கைக்குழந்தை. வேறு வேலை எதுவும் எங்கள் இருவருக்குமே தெரியாது. உறிஞ்சவும் துப்பவும் தெரிந்தவனை எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்?

இந்த நேரம் பார்த்து ஆடி மழையில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான், நாலைந்து நாளில் விட்டுவிட்டது. விட்டபிறகுதான் வினை. மார்க்கெட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில், கையில் ஒரு கட்டுக் கீரையோடு, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு மேலே வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவ் சொல்லிவிட்டு என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நிதானமானவர். வைரஸ் காய்ச்சல் இதயத் தசையில் இறங்கி அதை வீங்க வைத்திருக்கிறது, ரத்தத்தைத் தள்ளுகிற வலு குறைந்திருக்கிறது என்றார். பிறகு சீட்டை எழுதிக்கொண்டே, "உங்களுக்கு பிரஷர் இல்லை. சொல்லப்போனா கொஞ்சம் கம்மிதான். ஆனா நான் எழுதறது பிரஷர் மாத்திரை" என்றார்.

எனக்கு அந்த ஆள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவரே அதைக் கண்டுகொண்டு கேட்டார்: "மேட்டுப்பாளையத்திலிருந்து லோடு லாரி மலை ஏறுது. இன்ஜின் சூடாயிடுச்சு. டிரைவர் என்ன பண்ணுவார்?"

"லோடைக் குறைப்பாருங்க."

"அதேதான். இந்த மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்திவிடும். இதயம் தள்ள வேண்டிய பாரம் குறையும். அந்த ஓய்வுல தசை ஆறிக்கும். நல்லாயிட்டோம்னு நீங்களா நிறுத்தினா இன்ஜினே போயிடும். படி ஏறாதீங்க, உப்பைக் குறைங்க."

எனக்குப் புரிந்தது. குன்னூருக்குப் புரியவைப்பதுதான் முடியவில்லை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எதிர்வீட்டில் இருந்தார். நலம் விசாரிக்க வந்தவர் ஜன்னலில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "அட, நம்ம மாத்திரை!" என்று சந்தோஷப்பட்டார். தொலைந்துபோன தம்பியைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம். சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டு வரிசை முழுக்க எனக்குப் பிரஷர் என்று தெரிந்துவிட்டது. நான் லாரி உதாரணத்தை ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமாங்க, பிரஷர்ல லோடு ஏறத்தான் செய்யும்" என்றார்கள்.

உப்பு விஷயம் என் மனைவியின் கைக்குப் போனது. அவள் கணக்கு டீச்சர். குறைப்பது என்றால் பூஜ்யம் வரைக்கும் குறைக்கலாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய தொல்லை மரியாதை. எங்கள் பக்கத்தில் பிரஷர்காரர் காதுக்குக் கெட்ட செய்தி எதையும் கொண்டுபோக மாட்டார்கள். மாமனார் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டது, மாவுக்கட்டைப் பிரித்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆபீஸிலும் அப்படித்தான். முன்பெல்லாம் அறைக்குள்ளிருந்தே கத்திக் கூப்பிடும் மேனேஜர், இப்போது என் நாற்காலிவரை வந்து "தம்பி, நல்லா இருக்கறீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். இன்றைக்கு ஏலம் எப்படிப் போனது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டாக "பரவால்லீங்க, நல்லாத்தான் போச்சு" என்றார்கள். தேயிலை என்ன விலைக்குப் போனது என்று டேஸ்டரிடமே மறைத்த ஆபீஸ் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சீனியர் மட்டும் வேறு மாதிரி கவலைப்பட்டார். "மாத்திரை கீத்திரைன்னு தின்னீங்கன்னா நாக்குச் செத்துரும் தம்பி. நம்ம பொழப்பே நாக்குலதான். பாத்துக்கங்க" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நாக்கு சாகவில்லை. இருமல்தான் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டைக்குள் ஒரு நூல் தொங்குவது போல நமநமவென்று இருக்கும். பேசினால் வரும், சிரித்தால் வரும். ஸ்பூனை வாயில் வைத்துச் சர்ரென்று காற்றோடு உறிஞ்சினால் கட்டாயம் வரும். சுக்கு, மிளகு, தேன், பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நெஞ்சில் நீலகிரித் தைலத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு மேஜையில் இருந்த அத்தனை தேயிலையும் ஒரே தைலமரத்தில் பறித்த மாதிரி மணத்தது. சீனியர் கத்திய கத்தலில் மேனேஜர் ஓடிவந்து, பிரஷர்காரனிடம் இப்படியா பேசுவது என்று அவரை அடக்கினார்.

இருமினால் என்ன, எல்லோரும்தான் இருமுகிறார்கள் என்று தோன்றலாம். டேஸ்டர் இருமக்கூடாது. ருசி பார்க்கிற நாளில் சின்னப் பேக்டரி முதலாளிகள் வந்து சுவரோரம் நின்றுகொள்வார்கள். தூளைப் பார்க்கமாட்டார்கள், எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே புருவத்திலிருந்து அதைப் படித்துவிடப் பார்ப்பார்கள். அதனால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். முகத்தைக் கல்லாக்கலாம். தொண்டையை என்ன செய்வது?

கோத்தகிரிப் பக்கத்து முதலாளி ஒருவருடைய கிண்ணத்தில் முதல்முறையாக மாட்டிக்கொண்டேன். உறிஞ்சியவன் இருமத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினேன்.

"ஏனுங்க, அவ்வளவு மோசமுங்களா?" என்றார் அவர்.

"தூள் நல்லா இருக்குதுங்க. இது வேற இருமல்."

"வேற தூளுக்கு வந்த இருமலுங்களா?"

அவர் சமாதானம் ஆகவில்லை. அடுத்த மாதமே தன் தூளை வேறு தரகரிடம் கொண்டுபோய்விட்டார். வாங்குகிற கம்பெனிகளில் ஒன்றின் ஏஜெண்ட் வேறு வாசற்படியில் நின்று, நான் எந்தக் கிண்ணத்தில் இருமுகிறேன் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். ஏலத்தில் அந்தத் தூளுக்கு அவர் வாய் திறப்பதில்லை. இன்னொரு முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தன் கிண்ணம் வரும்போது அடக்கிக்கொண்டு பக்கத்துப் பேக்டரிக் கிண்ணத்தில் இரும முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார்.

இதயம் ஆறும்வரை மாத்திரை வேண்டும். இருமல் நிற்காவிட்டால் வேலை போகும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. இருக்கிற இரண்டு நாக்கில் எந்த நாக்கு போகும் என்பது மட்டும் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. தினமும் மேனேஜர் என் பக்கம் வரும்போதெல்லாம், இதோ சொல்லப்போகிறார் என்று ஸ்பூனை இறுகப் பிடித்துக்கொள்வேன். அவர் "நல்லா இருக்கறீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

அந்த நாட்களில்தான் சீனியர் சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அதற்கு முன்பு குழந்தை பிறந்ததற்குக்கூட வராதவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, ஒரு விஷயம் பேசோணும்" என்பார். அதற்குள் என் மனைவி உப்புமாவைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். உப்பில்லாத உப்புமா. ஊரெல்லாம் தூளில் குற்றம் கண்டுபிடிக்கிற அந்த நாக்கு, என் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டைக் காலி செய்யும். தண்ணீர் குடித்துவிட்டு எழப் பார்ப்பார்.

"ஏதோ பேசோணும்னீங்களேண்ணா?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்குப் பிரஷர் எப்படி?"

"எனக்குப் பிரஷரே இல்லீங்ணா. இது இதயத்துத் தசைக்குக் குடுத்த மாத்திரை. லாரி மலை ஏறும்போது..."

"செரி செரி. கோவப்படாதீங்க. ஒடம்புக்கு ஆகாது" என்று எழுந்து போய்விடுவார். நாலைந்து முறை இப்படி வந்து உப்புமா தின்றுவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் படியிறங்குவார். மனுஷன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வருகிறார் போல என்றாள் என் மனைவி.

ஒருநாள் அவர் இருக்கும்போது எதிர்வீட்டுக்காரர், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பிரஷர் மெஷினோடு வந்தார். எனக்குக் கட்டிப் பார்த்தார். குறைவாகக் காட்டியது. உதட்டைப் பிதுக்கினார். மெஷினைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சீனியரின் கையில் கட்டினார். மெஷின் ஒரு எண்ணைக் காட்டியது. கழற்றி, மறுபடி கட்டினார். இன்னும் கூடுதலாகக் காட்டியது.

"பிரஷர் இருக்கறவருக்கு இல்லைங்குது. ஒண்ணும் இல்லாதவருக்கு எக்கச்சக்கமா காட்டுது. வந்து ஒரு மாசம் ஆகலீங்க, அதுக்குள்ள ரிப்பேர்" என்று வருத்தப்பட்டு, வயர்களைச் சுருட்டிக்கொண்டு போனார். நானும் என் மனைவியும் சீனியரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு இருமலும் சேர்ந்துகொண்டது. சிரித்து முடித்தபோது சீனியர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரத்தில் கோயம்புத்தூர் டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டியிருந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தசை நன்றாக ஆறிவருகிறது என்றார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் முந்திக்கொண்டது.

"இது எவ்வளவு நாளா?" என்றார் டாக்டர்.

"மாசக்கணக்கா இருக்குதுங்க."

"முதல்லயே வந்து சொல்லியிருக்கலாமே. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொடுக்கும். வேற மாத்திரை எழுதறேன். கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும்."

"அதுவும் பிரஷர் மாத்திரைங்களா?"

"அதுவும்தான்" என்று சிரித்தார்.

அவ்வளவுதான். தேனும் மிளகும் தைலமும், முதலாளிகளின் கோபமும், என் பயமும் ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகிற சமாசாரம். சிரிப்பதா அந்த டாக்டர் மேஜையிலேயே தலையை முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மலையேறும் பஸ்ஸில் நாங்கள் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தோம். நாளைக்கே மேனேஜரிடம் போய், இருமல் நிற்கப்போகிறது, என் நாக்கில் பழுதில்லை என்று சொல்லிவிட வேண்டும். பர்லியார் தாண்டி ஒரு வளைவில் எங்கள் பஸ் ஒதுங்கி, கீழே இறங்கும் ஒரு ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் எதிர்வீட்டுக்காரர் காத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "எல்லாரும் நல்லா இருக்கறாங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார். ஏதோ நடந்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. அவர் என் மனைவியை ஓரமாகக் கூட்டிப்போய் ரகசியம் பேசினார். அவளிடமிருந்து நான் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

சீனியர் அன்று காலையில் மேனேஜர் அறையில் பெரிதாகச் சத்தம் போட்டிருக்கிறார். வெளியே வந்து நேராக மேஜைக்குப் போய் ஸ்பூனை எடுத்திருக்கிறார். உறிஞ்சிய தேயிலை வாயின் ஒரு ஓரத்தில் வழிந்து சட்டையை நனைத்திருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. அடுத்த கிண்ணத்துக்குக் கை போகவில்லை. பிரஷர் ஏறி, மூளையில் ரத்தக்கசிவு. அவரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு நின்ற பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் என்ன தகராறு என்று கேட்டேன். "லீவுல இருக்காருங்க, நல்லாயிருவாரு" என்றார்கள். பிரஷர்காரனுக்கு அதற்குமேல் சொல்லமாட்டார்கள். என் வேலை போகவில்லை. புது மாத்திரையில் இருமலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முதலாளிகள் மறுபடி என் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

சீனியர் வீட்டுக்குத் திரும்பி, ஆட்களைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபிறகு போனேன். வாசலிலேயே அவர் மனைவி என்னை நிறுத்தினார். "அவருக்குப் பிரஷருங்க. கெட்ட சேதி எதையும் காதுல போட்டுராதீங்க" என்று மெல்லச் சொன்னார். பிறகு அவராகவே, "எப்பவோ எழுதிக்குடுத்த மாத்திரைங்க. நாக்குக் கெட்டுப்போகும்னு தொடவே இல்ல. வெளிய சொல்லவும் உடலீங்க" என்றார். ஜன்னலில் மாத்திரை அட்டை இருந்தது. நான் முன்பு போட்டுக்கொண்டிருந்த அதே மாத்திரை.

கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் ஒருபக்கம் இறங்கியிருந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. முதல் கேள்வியே, "ஆபீஸ்ல என்ற எடத்துல யாரு?"

அவர் மனைவி பின்னாலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். எனக்கு அந்தக் கை ஆட்டல் அலுத்துப்போயிருந்தது.

"யாரும் இல்லீங்ணா. நான் ஒருத்தன்தான். உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு நினைக்கிறேன். எனக்கு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. "எடுக்கறதுன்னு முடிவு பண்ணுனது உங்களைத்தான். இருமல் டேஸ்டர் வேண்டாம்னுட்டாங்க. பிரஷர்காரன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மேனேஜருக்குப் பயம். நீங்க பக்குவமாச் சொல்லீருங்கன்னு என்ற தலைல கட்டுனாரு."

அந்த உப்புமாச் சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. நாற்காலி நுனி, கைக்குட்டை, கேட்டுக்கு வெளியே நின்ற நேரம்.

"உப்பில்லாத சோறு திங்கறவன்கிட்ட அதை எப்புடிச் சொல்றது? என்னால ஆகாது, நீங்களே சொல்லிக்கங்கன்னு மேனேஜர்கிட்டக் கத்திப்போட்டேன். வார்த்தை தடிச்சுப்போச்சு. அப்ப நீங்க போங்கன்னுட்டாரு. தியாகம் கீகம்னு நெனச்சுக்காதீங்க. கோவம், அவ்வளவுதான்."

அவர் மனைவி இரண்டு தட்டில் உப்புமா கொண்டுவந்து வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"எனக்குப் பிரஷர் இல்லை, இல்லைன்னு வர்றப்பெல்லாம் சொன்னேனேண்ணா. ஒரு தடவைகூட நம்பலையே?"

அவர் நல்ல கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிரஷர் இருக்கறவன் எவன் தம்பி இருக்குதுன்னு ஒத்துக்குவான்? நானே ஒத்துக்கலையே."